செலின் மிஸ் வீட்டு ஃபேன் லைட்

நிலானிக்கும் சுதனுக்கும், உங்களோடு வேலைக்கு வருகிற மற்றப் பிள்ளைகளுக்கும்,

போன திங்கட்கிழமை நிலானி எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு மாடி வீடு. சீலிங் ஃபேன், அதன் அடியில் மூன்று பல்ப் பூட்டிய லைட். "அப்பா, ஃபேன் ஓடினால் லைட் மினுங்குது எண்டு சொல்லுகினம். ஹோல்டரை மாத்தினால் சரிதானே?" என்று கீழே எழுதியிருந்தாள். நானும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே "ஓம், மாத்து" என்று பதில் அனுப்பிவிட்டேன். தேத்தண்ணி முடியவில்லை, கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். உடனே அவளைக் கூப்பிட்டு, "ஏறாதை பிள்ளை, அப்பா எழுதி அனுப்பிறதை வாசிக்கும் மட்டும் ஏறாதை" என்றேன். அவள் சிரித்தாள். "என்னப்பா, ஒரு ஹோல்டர்தானே" என்றாள்.

அதே சொல்லை நானும் ஒரு நாள் சொன்னேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் நிலானி திருத்தட்டும். நடந்ததைக் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

சண்டைக் காலத்தில் கொழும்பில் நான் எப்படி வேலை செய்தேன் என்பதை உங்கள் இருவருக்கும் சொன்னதில்லை. நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். நிலானி கைக்குழந்தை, சுதன் பிறக்கவில்லை. எனக்கு வேலை முழுக்க வெள்ளவத்தையில்தான். வடக்கிலிருந்து வந்த சனம் அங்கே அறை அறையாக நிறைந்திருந்தது. ஒரு வீட்டில் நாலு குடும்பம், நாலு கேத்தல், நாலு இஸ்திரிப் பெட்டி. ஃபியூஸ் போகாத நாள் கிடையாது. கரண்ட் பாஸுக்கு, அதாவது என்னைப் போல வயரிங் வேலை செய்கிறவனுக்கு, அது நல்ல காலம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வெள்ளவத்தை வருவதற்குள் எத்தனை செக் பொயின்ட்! ஒவ்வொன்றிலும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்ட வேண்டும். என் பையில் என்ன இருக்கும்? வயர் சுருள், கறுப்பு டேப், குறடு, சில நாளில் ஒரு பற்றரி. ஒரு தமிழனுடைய பையில் அந்த நாளில் என்னென்ன இருக்கக் கூடாதோ, அதெல்லாம் ஒழுங்காக அடுக்கி இருக்கும்.

ஒருமுறை ஒரு சிப்பாய், என்னைவிடப் பத்து வயது இளையவன், வயர் சுருளைத் தூக்கிப் பிடித்து, "மல்லி, மே மொனவாத?" என்று கேட்டான். தம்பி, இதெல்லாம் என்ன என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், வீடுகளுக்கு லைட் பூட்டுகிற வேலை என்றேன். மதியம் வரைக்கும் வெயிலில் நிற்க வைத்துவிட்டுத்தான் விட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனும் பயந்துதான் நின்றான்.

அன்றோடு பை தூக்குவதை விட்டேன். வேலை செய்த வீடுகளிலேயே சாமான்களை விட்டுவிட்டு வரத் தொடங்கினேன். குறடு, வெள்ளவத்தை நடுவால் போகிற காலி வீதி ஓரத்து வடைக் கடையில் இருந்தது. ஸ்குரூ ட்ரைவர் மூன்றும் ஒரு தையல்காரரின் மெசினுக்குள். மடக்கு ஏணி ஒரு லொட்ஜில். கரண்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற டெஸ்டர் மட்டும் காலி வீதிக்கு மறுபுறம், ஒரு வாத்தியார் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் வெறுங்கையோடு பஸ்ஸில் வருவேன். சந்து சந்தாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்ச் சாமான் சேர்ப்பேன். பின்னேரம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவேன். "இவர் என்ன ஒஃபீசுக்கோ போய் வாறார்?" என்று உங்கள் அம்மா பகிடி பண்ணுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வடைக் கடையில் குறட்டை வாங்கிக்கொண்டு நிற்கும்போது இராசம்மா அம்மா குடையும் கையுமாக வந்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, "தம்பி, செலின் மிஸ் கோயிலுக்குப் போட்டா. இப்பவே வாங்கோ" என்றார்.

"என்னம்மா, களவெடுக்கவோ கூப்பிடுறியள்?" என்றேன்.

"பகிடி விடாதேங்கோ. அறையில லைட் செத்துப் போச்சு. அவ வரமுன்னம் செய்து தரவேணும்."

இராசம்மா அம்மாவும் அவருடைய கணவரும் செலின் மிஸ் வீட்டின் முன் அறையில் வாடகைக்கு இருந்தார்கள். கணவர் வடக்கில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை மாஸ்டர் ஐயா என்போம். சீனி வியாதியால் காலில் ஆறாத புண். அதற்காகக் கிழமைக்கு ஒரு முறை களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். கட்டு மாற்றாமல் விட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே அவர்களுக்குக் கொழும்பில் ஒரு விலாசம் வேண்டும். விலாசம் என்றால் அந்த நாளில் வெறும் வீட்டு நம்பர் இல்லை. பொலிஸ் பதிவுப் பாரம் என்கிற படிவத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் ஆமிக்காரரின் ஒரு சுற்றிவளைப்பில் அகப்பட்டால் புண் காலோடு பொலிஸ் ஸ்டேஷனில் குந்தியிருக்க வேண்டியதுதான். இவர்களுடைய பாரத்தின் தவணை அந்த வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது.

செலின் மிஸ் ஒரு காலத்தில் நேர்சரி படிப்பித்தவர். பெரிய ஆட்களோடு கதைக்கும்போதும் நாலு வயதுப் பிள்ளைகளோடு கதைப்பது போலத்தான் கதைப்பார். கெட்ட மனுசி இல்லை. ஆனால் வீட்டுச் சாமானில் உயிர். அதிலும் முன் அறையில் தொங்கிய அந்த ஃபேன் லைட் அவருடைய மகன் டுபாயிலிருந்து கொண்டுவந்தது. மூன்று ரோசா நிறக் கண்ணாடிக் கிண்ணம், தாமரைப் பூப் போல. நடுவில் மணி மணியாக ஒரு சங்கிலி. அதை இழுத்தால் லைட் எரியும், இன்னொருமுறை இழுத்தால் அணையும். அந்த அறையில் முன்பு இருந்த குடும்பம் முகம் கழுவுகிற பேசினை உடைத்ததற்கு இரண்டே நாளில் பெட்டியோடு போக வேண்டி வந்தது. "என்ட சாமான் உடைஞ்சா, நீங்க டாட்டா" என்று செலின் மிஸ் கையை ஆட்டிக் காட்டியிருந்தாராம். இராசம்மா அம்மா எதற்காகக் குடைக்குள் முகத்தை மறைத்தார் என்று இப்போது விளங்கும்.

நான் போனபோது கரண்ட் வெட்டு நேரம். மழை இல்லாமல் தண்ணீர் வற்றிப்போய், நாளுக்கு இத்தனை மணித்தியாலம் என்று கரண்டை நிறுத்திய காலம் அது. எந்தப் பகுதிக்கு எந்த நேரம் என்று பேப்பரில் வந்த அட்டவணையை வெட்டி, மாஸ்டர் ஐயா சுவரில் ஒட்டியிருந்தார். அவர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"வாரும், வாரும். வருத்தக்காரன் நானில்லை, மேலை தொங்கிறவர்" என்றார்.

"என்ன செய்யுது ஐயா?"

"ஃபேன் ஓடேக்க லைட் மினுங்கும். ஃபேனை நிப்பாட்டினால் எரியும். நேற்றிலிருந்து ஒண்டு எரியவே இல்லை."

"வேற ஏதாவது?"

"வேற என்ன? எனக்குத்தான் வேற. கால் காணாதெண்டு இப்ப கை விரலும் விறைக்குது. அதுவும் பின்னேரத்தில மட்டும், விளக்கு வைக்கிற நேரம் பார்த்து."

"டொக்டரிட்டச் சொன்னனீங்களோ?"

"சொன்னால் இன்னொரு குளிசை எழுதுவார். வயித்தில இடமில்லை" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். அந்த மனிதர் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் ஒரு பாதியை நான் ஃபேனுக்கு எடுத்துக்கொண்டேன். மறு பாதியைச் சீனி வருத்தம் என்று ஒதுக்கிவிட்டேன். பல்பைக் கழற்றிப் பார்த்தேன். ஹோல்டர் கொஞ்சம் கறுத்திருந்தது. "ஒரு ஹோல்டர்தானே" என்றேன். காரணம் ஒன்று கண்ணில் பட்டதும் எனக்குத் தேடல் முடிந்துவிட்டது.

மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டேன். இராசம்மா அம்மா உள் அறையைக் காட்டினார். செலின் மிஸ்ஸின் அறை. கதவில் ஒரு பெரிய பூட்டு. சாவி அவரோடு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போயிருந்தது. டெஸ்டர் மறுபுறத்து வாத்தியார் வீட்டில். அன்று காலை அந்தப் பக்கம் சுற்றிவளைப்பு, ஒழுங்கைக்குள் யாரையும் விடவில்லை. சுவரில் ஃபேன் சுவிட்சை அணைத்தேன். ஆனால் லைட்டுக்குச் சுவரில் சுவிட்சே இல்லை. பூட்டினவன் லைட் வயரை நேராக மேலேயே கரண்ட் வயரில் கொழுவிவிட்டு, சங்கிலி போதும் என்று போயிருந்தான்.

எனக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்தது. மாஸ்டர் ஐயா தலையணைக்குக் கீழிருந்து தன்னுடைய ரயில்வே மணிக்கூட்டை எடுத்தார். சுவர் அட்டவணையைப் பார்த்தார்.

"பன்னிரண்டு மணிக்குத்தான் கரண்ட் வரும். இப்ப பத்து நாப்பது. உமக்கு ஒரு மணித்தியாலமும் இருவது நிமிசமும் இருக்கு. ஏறும்."

இராசம்மா அம்மா வாசலில் நின்றபடி சொன்னார். "முப்பத்தைஞ்சு வருசம் ஒரு ரயில் நேரத்துக்கு வரேல்லை. கரண்ட் மட்டும் இவற்றை மணிக்கூட்டைப் பார்த்து வருமோ?"

"இஞ்சாரும், உமக்குத் தெரியாத வேலையில தலையிடாதையும்."

நானும் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேசையில் ஏறினேன். அவருடைய பகிடியில் இருந்த அறிவு எங்கள் இரண்டு பேருக்கும் இல்லாமல் போயிற்று. நேரம் தெரிந்த ஆண்கள் இரண்டு பேர் அல்லவா!

பழைய ஹோல்டரைக் கழற்றி, புதியதில் இரண்டு வயரையும் விரலால் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன். ஒழுங்கை முழுக்க ரேடியோக்கள் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. அது எனக்குக் காதில் கேட்க முன்னம் கையில் கேட்டது.

யாரோ என் கையைப் பிடித்து உதறியது போல இருந்தது. கை போய்க் கண்ணாடியில் அடித்தது. மேசை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தாமரைக் கிண்ணம் ஒன்று நிலத்தில் விழுந்து துண்டு துண்டாகப் போயிற்று. மாஸ்டர் ஐயா மணிக்கூட்டைப் பிடித்தபடியே இருந்தார். மணி பத்து ஐம்பத்தைந்து.

"ஐயோ தம்பி! உயிரோட இருக்கிறியளோ?" என்று இராசம்மா அம்மா ஓடிவந்தார். கணுக்கால் பிரண்டிருந்தது, கை மரத்திருந்தது, வேறொன்றும் இல்லை. சீனித் தண்ணீர் கரைத்துத் தந்தார். நான் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் நிலத்தைப் பார்த்தார். அந்த ரோசாத் துண்டுகளைப் பார்த்ததும் அப்படியே சுவரோடு குந்திவிட்டார்.

"போச்சு. வெள்ளிக்கிழமைப் பாரமும் போச்சு" என்றார். அவ்வளவுதான். அழவும் இல்லை.

எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கணத்தில் ஒரு பொய் வந்தது. அதைக் கொண்டுவந்தவன் நான்தான், அவர்கள் இல்லை. முந்தின கிழமை எங்கோ ஒரு குண்டு வெடித்து, காலி வீதிப் பக்கம் பல வீடுகளில் கண்ணாடிகள் விழுந்திருந்தன. "அந்த வெடிப்பில கீறல் விட்டிருந்தது, இண்டைக்குத் தானா விழுந்திட்டுது எண்டு சொல்லுவம்" என்றேன். "ஆர் இல்லையெண்டு சொல்லப் போகினம்? ஹோல்டரை நாளைக்கு வெட்டு நேரம் வந்து பூட்டித் தாறன். ஒருத்தருக்கும் தெரியாது."

இராசம்மா அம்மா என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். மாஸ்டர் ஐயா மணிக்கூட்டைத் தலையணைக்குக் கீழே வைத்தார். "ஒரு பொய்யும் சொல்லாமல் பென்சன் எடுத்தனான்" என்றார். கடைசியில், "சரி, நான் சொல்லுறன். நீர் வேலைக்காரன், உம்மை அவ நம்பமாட்டா" என்றார்.

கண்ணாடிச் சில்லு காலில் குத்திவிடும் என்று, இராசம்மா அம்மா ஈரத் துணியால் அறை முழுக்கச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் திரும்பத் திரும்பத் துடைத்தார். புண் காலில் ஒரு சில்லுப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியும். ஐயாவின் ரப்பர் செருப்பிலும் தூள் இருக்குமென்று அதையும் கழுவி வெளியில் வைத்தார்.

ஒரு மணிக்கு, கணுக்கால் நோவால் நான் இன்னும் அங்கேயே குந்தியிருக்கும்போது, செலின் மிஸ் வந்தார். கையில் கோயில் மெழுகுதிரிக் கட்டு. அறை வாசலில் பேப்பரில் சுற்றியிருந்த கண்ணாடியைக் கண்டதும் நின்றார்.

"இது என்ன? இது என்ட தாமரையா?"

மாஸ்டர் ஐயா அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு எழுந்து வந்திருந்தார். நான் சொல்லிக் கொடுத்ததை ஒரு சொல்லும் மாறாமல் சொன்னார். வெடிப்பு, கீறல், தானாக விழுந்தது. என்னைக் காட்டி, "பாஸைக் கூப்பிட்டுக் காட்டினனாங்கள்" என்றார். சொல்லும்போது ஒரு கையின் விரல்களை மறு கை விரலால் உரசிக்கொண்டே இருந்தார்.

செலின் மிஸ் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். நம்பிவிட்டார். பிள்ளைகளே, முழுவதுமாக நம்பிவிட்டார். "என்ன செய்ய, எல்லா வீட்லயும்தான் உடைஞ்சது. மனுசருக்கு ஒண்டும் இல்லைதானே?" என்று பெருமூச்சு விட்டார். இராசம்மா அம்மாவின் தோள் ஒரு சாண் கீழே இறங்கியதை நான் கண்டேன். அறை தப்பியது. பாரம் தப்பியது. கால் தப்பியது.

"மற்ற ரெண்டும் எரியும்தானே?" என்றார் செலின் மிஸ்.

"எரியும் மிஸ், இந்தா பாருங்கோ" என்று மாஸ்டர் ஐயா சங்கிலிக்குக் கையை நீட்டினார்.

அவருடைய கை ஈரமாக இருந்தது. நிலம் ஈரமாக இருந்தது. காலில் செருப்பு இல்லை. அந்த விரல்களை நான் அப்போதுதான் உண்மையாகப் பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரம் மட்டும் விறைக்கிற விரல். விளக்கு வைக்கிற நேரம் அவர் என்ன செய்கிறார்? சங்கிலியை இழுக்கிறார்.

"தொடாதேங்கோ!" என்று கத்தினேன். நான் பெரியவர்களிடம் குரல் உயர்த்துகிறவன் இல்லை. அன்று கத்தின கத்தலில் செலின் மிஸ்ஸின் கையிலிருந்த மெழுகுதிரிகள் நிலத்தில் சிதறின.

மாஸ்டர் ஐயாவின் கை சங்கிலிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

"என்ன பாஸ்? ஏன் கத்துறீங்க?"

இராசம்மா அம்மா என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அவருக்கு வேறு எதுவும் தெரியாது, பொய் உடையப் போகிறது என்பது மட்டும் தெரியும். எனக்கும் அந்த நேரம் நிச்சயம் ஒன்றும் இல்லை. நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். பிழையென்றால், ஒன்றும் இல்லாத விஷயத்துக்காக இவர்களுடைய கூரையைப் பிடுங்கியவன் ஆவேன். சரியென்றால்? நான் வாயை மூடினால் அந்தப் பூட்டிய அறை திறக்காது, மெயின் அணையாது, மேலே என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

"மிஸ், சொன்னது பொய்" என்றேன். "குண்டில உடையேல்லை. நான்தான் உடைச்சனான். உங்களுக்குத் தெரியாமல் லைட் செய்ய வந்தனான். பொய்யையும் நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

அவருடைய முகம் சிவந்தது. "என்ட வீட்டுக்குள்ள, எனக்குத் தெரியாம, நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து..."

"ஏசுறதைப் பிறகு ஏசுங்கோ மிஸ். நான் நிண்டு கேக்கிறன். முதல் உங்கட அறையைத் திறந்து மெயினை அணையுங்கோ. அந்தச் சங்கிலியில கரண்ட் நிக்குது எண்டு நினைக்கிறன்."

என்ன நினைத்தாரோ, சாவியை எடுத்து அறையைத் திறந்து, மெயினை அணைத்தார்.

நான் மறுபடி மேசையில் ஏறக் காலைத் தூக்கினேன். மாஸ்டர் ஐயா என்னைத் தடுத்தார். நொண்டி நொண்டி உள் அறைக்குப் போய், மெயின் சுவிட்சின் பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து உரத்துச் சொன்னார், "லைன் கிளியர்!"

பிறகு, எங்களைப் பார்க்காமல், அந்தச் சுவிட்சைப் பார்த்தபடியே சொன்னார். "ஒற்றைத் தண்டவாளத்தில, முன்னுக்கு ஒண்டும் இல்லை எண்டு கண்ணுக்குத் தெரிஞ்சாலும், மற்ற ஸ்டேசன் லைன் கிளியர் தராமல் ரயில் அசையக் கூடாது. நேரத்தைப் பார்த்து ஒரு ரயிலையும் நான் விட்டதில்லை. உம்மை மட்டும் மணிக்கூட்டைப் பார்த்து விட்டிட்டன், தம்பி."

ஏறினேன். ஃபேனின் மேல் மூடியை இறக்கினேன். எல்லாம் அங்கே இருந்தது. ஃபேன் ஆடி ஆடி, லைட்டுக்குப் போகிற வயர் இரும்புக் குழாயின் விளிம்பில் உரசி, தோல் போய், ஒரு நகம் அளவு செம்பு வெளியே தெரிந்தது. அது குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து ஃபேன் உடம்பு, உடம்பிலிருந்து சங்கிலி. ரப்பர் செருப்பும் காய்ந்த நிலமும்தான் இவ்வளவு நாளும் அந்த மனிதரைக் காப்பாற்றியிருந்தன. அன்று இரண்டும் இல்லை. அவை இல்லாமல் போனதும் நான் உடைத்த கண்ணாடியால்தான். ஹோல்டரை மட்டும் பூட்டிவிட்டுப் போயிருந்தால், லைட் அழகாக எரிந்திருக்கும். எரிகிற லைட்டுக்குக் கீழே அவர் ஒரு நாள் விழுந்திருப்பார். சீனி வருத்தம் என்று நாங்களும் செத்த வீட்டுக்குப் போயிருப்போம்.

செலின் மிஸ்ஸைக் கூப்பிட்டு டோர்ச் அடித்துக் காட்டினேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"சனிக்கிழமை அறையைக் கூட்டேக்க நானும் அந்தச் சங்கிலியை இழுத்தன்" என்றார். "எறும்பு கடிச்ச மாதிரி இருந்திச்சு. எறும்புதான் எண்டு நினைச்சன்."

இராசம்மா அம்மா கணவரைப் பார்த்தார். "நல்ல காலம் டொக்டரிட்டச் சொல்லேல்லை. ஃபேனுக்குத் தாற குளிசையை இவர் குடிச்சிருப்பார்" என்றார். சொல்லி முடிக்கவில்லை, அவருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கண்ணாடிக்கும் பாரத்துக்கும் வராத அழுகை.

செலின் மிஸ் எழுந்தார். எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார். "மூண்டு பெரிய ஆக்கள். மூண்டு பேரும் பொய். என்ட நேர்சரியில எண்டா மூலையில நிண்டிருப்பீங்க" என்றார். பாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மெழுகுதிரிகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் கணுக்கால் பிரண்டதைச் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. புதன்கிழமை வெள்ளவத்தைக்குப் போக எனக்கு முகம் இல்லை. வியாழக்கிழமை போனேன். வடைக் கடையில் செலின் மிஸ்ஸே எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். கையில் மகனுடைய பழைய பென்சில் பெட்டி. திறந்து காட்டினார். உள்ளே என்னுடைய டெஸ்டர். காலி வீதியைக் கடந்து வாத்தியார் வீட்டுக்குப் போய்த் தானே கேட்டு வாங்கி வந்திருக்கிறார்.

"இது இனி என்ட வீட்டில இருக்கும். இது இல்லாம ஏறினா அடிதான்" என்றார். "வாங்க, மெயின் சுவிட்சைக் கழட்டி வெளியில, ஹோலுக்குக் கொண்டுவரணும். ரூமுக்குள்ள வச்சுப் பூட்டினது என்ட பிழை."

நான் போனபோது மாஸ்டர் ஐயாவின் கட்டிலில், மணிக்கூட்டுக்குக் கீழே, கையெழுத்துப் போட்ட பாரம் இருந்தது. இராசம்மா அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், கையெழுத்துப் போடும்போது செலின் மிஸ் சொன்னாராம்: "இனிப் பொய் சொல்றதெண்டா எனக்கும் முதல்லயே சொல்லுங்க. நானும் சேர்ந்து சொல்றன்."

கால் ஆறும்வரை அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ஆறியதும் ஊருக்குப் போனார்கள். அந்தத் தாமரை லைட்டைச் செலின் மிஸ் திரும்பப் பூட்டவில்லை. வெறும் ஃபேன் மட்டும் ஓடியது.

பொய் சொல்லாதே என்று இதை நான் எழுதவில்லை. அந்த நாளில் பொய் சொல்லாமல் ஒரு செக் பொயின்டைக்கூடத் தாண்ட முடியாது. ஆனால் எங்கள் வேலையில், செய்த பிழையை மூடினால் அதற்குக் கீழே இருக்கிற பழுதும் சேர்ந்து மூடப்பட்டுவிடும். அது ஒன்று. மற்றது, ஒரு வீட்டுக்குப் போனால் லைட்டைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். ஆட்களைப் பற்றியும் கேளுங்கள். யாருக்காவது கை விறைக்கிறதா, எறும்பு கடிக்கிறதா, நாய் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்கிறதா என்று கேளுங்கள். சிரிப்பார்கள். கேளுங்கள்.

சின்ன வயதில் நீங்கள் இருவரும் மெயின் சுவிட்சுக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறி நின்று, நான் மேலே ஏறும் போதெல்லாம் "லைன் கிளியர்!" என்று கத்துவீர்கள். நான்தான் பழக்கினேன். கத்தாவிட்டால் அப்பா ஏற மாட்டார் என்று உங்களுக்கு அது ஒரு விளையாட்டு. யார் முதலில் கத்துவது என்று சண்டை வேறு. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நிலானி, நாளைக்கு அந்தக் கொள்ளுப்பிட்டி வீட்டுக்குப் போ. சுதனையும் கூட்டிக்கொண்டு போ. முதலில் மெயின் சாவி யாரிடம் என்று கேள். பிறகு அந்த வீட்டு அம்மாவை உட்கார வைத்துக் கதை. பிறகு சுதன் போய்ச் சுவிட்சில் கையை வைக்கட்டும். அவன் அங்கிருந்து அந்தச் சொல்லைச் சொல்லும்வரை, உன்னுடைய இரண்டு காலும் நிலத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா